ஜன்னல் பக்கம் நின்றால் தெளிவாகக் கேட்கிறது

“கூட்ட நேரத்தில் லேப்டாப்களில் வைஃபை விட்டு விட்டு வருகிறது. கிழக்கு மூலையில் உட்கார்ந்தால் நன்றாக எடுக்கிறது. அங்கே உட்காரச் சொல்லிவிட்டோம். புகார் முடிந்தது.”

போன வாரம் நம் ஆபீசுக்குச் சும்மா காப்பி குடிக்க வந்தபோது, உங்களில் ஒருவர் கம்ப்யூட்டரில் இப்படி எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். காப்பி தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு என்று ஓடி வந்து நாற்காலி போட்டீர்கள். கொதிப்பு எல்லாம் இல்லை. அந்த இரண்டாவது வரிதான். அதே வரியைத் தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னார். நானும் உங்களைப் போலவே, “அப்ப அங்கனயே நின்னு பேசுங்க சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் என் முழங்கை மயிர் நிற்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பெனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வாசலில் மாட்டியிருக்கும் என் போட்டோ மட்டும்தான் தெரியும். நான் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சொல்வாள், அவள் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேடியோவில் தொடங்கி, டிவி, ஆன்டெனா, டேப், மைக் செட், போன் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பிரித்துப் போட்டுக் கற்றேன். தாமிரபரணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கம்பி இல்லாமல் பேசும் எந்த மிஷின் கெட்டாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் தொட்டுச் சரியாகாத செட்டு ஒன்றுகூட இல்லை என்று அந்த நாளில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யும் இல்லை. பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், இன்றைக்கும் உங்கள் சிக்னல் மீட்டரைவிட என் காது மேல். ஆனால் அந்த நர்சிங் ஹோமில் நடந்தது எனக்கு விழுந்த அடி. அப்படி ஒரு அடி உங்களுக்கு விழக் கூடாது.

அப்போது நம் ஊரில் செல்போன் கிடையாது. கார்ட்லெஸ் போன்தான் பெரிய அதிசயம். கீழே ஒரு பெட்டி, அதோடு கம்பி இல்லாத ரிசீவர் ஒன்று. ரிசீவரில் ஒரு பட்டனை அமுக்கினால் பெட்டி மணியடிக்கும். பெட்டிப் பக்கம் இருப்பவர் எடுத்துப் பேசலாம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியோடு பெட்டியாகக் கொண்டு வருவார்கள். அப்படிக் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், தன் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆன சந்தோஷத்தில், அந்த நர்சிங் ஹோம் டாக்டரம்மாவுக்கு ஒரு செட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். “மாடிக்கும் கீழேயும் ஆளுவ ஓடிக்கிட்டே இருக்காவ டாக்டரம்மா. இத வச்சுக்கிட்டு இருந்த எடத்துலயே பேசச் சொல்லுங்க” என்றாராம். மாட்டிக் கொடுத்தது நான்.

கீழே மருந்துக் கவுன்ட்டரில் பெட்டியை வைத்தேன். மாடியில் பொம்பளைகள் வார்டு. அங்கே ரிசீவரை வைத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு சைவப் பிள்ளை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, சட்டையில் ஒரு கறை இருக்காது, பேச்சில் ஒரு சொல் தப்பாது. டாக்டரம்மா முதல் வாசல் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அண்ணாச்சிதான். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்ற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. போன் வருவதற்கு முன்னால், குளுக்கோஸ் ஆகட்டும், ரத்தம் ஆகட்டும், அவரே சீட்டோடு படியேறிப் போய், படுத்திருக்கிறவரின் பெயரைக் கேட்டு, பாட்டிலில் இருக்கும் நம்பரைப் பார்த்து, பிறகுதான் ஏத்தச் சொல்வார். முழங்கால் வலி வந்து படியேற முடியாமல் கஷ்டப்பட்டவருக்கு இந்த போன் வந்ததும் பெரிய நிம்மதி. கீழே இருந்தபடியே சீட்டைப் பார்த்து, ‘இந்த நம்பரை இன்னாருக்கு ஏத்தும்மா’ என்று சொல்லிவிடுவார்.

மாடியில் இருந்தவர் பிலோமி சிஸ்டர். கடற்கரை ஊர்க்காரர். வேலையில் கெட்டி, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு.

மாட்டிக் கொஞ்ச நாளிலேயே புகார் வந்தது. பேசும்போது கரகரவென்று இரைந்து கட்டாகிவிடுகிறது. எப்போது? சாயங்காலம், நோயாளிகளைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருகிற நேரத்தில். அந்த நேரம் வார்டு பொருட்காட்சி மாதிரி இருக்கும். ஒரு கட்டிலுக்கு ஒரு குடும்பமே வந்து நிற்கும், தூக்குச்சட்டியும் பிளாஸ்க்கும் பிள்ளைகளுமாக.

நான் போனது காலையில். வார்டு காலி. போன் மணிபோலக் கேட்டது. பேட்டரியை மாற்றினேன், ஏரியலைத் துடைத்தேன், வந்தேன். மறுபடியும் புகார். மறுபடியும் காலையில் போனேன். மறுபடியும் மணிபோலக் கேட்டது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

“மனுச உடம்பு முக்காவாசி தண்ணிதான் சிஸ்டர். கூட்டம் கூடுனா சிக்னலைக் குடிச்சிரும். போனு மேல தப்பு இல்ல, ஒங்க விருந்தாளிய மேலதான் தப்பு” என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரி.

இதில் ஒரு பாதி உண்மை. கூட்டம் சிக்னலைக் குடிக்கத்தான் செய்யும், நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தப் பாதி உண்மைதான் என் கண்ணைக் கட்டியது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

அப்போதுதான் சிஸ்டர் சொன்னார். “ஆனா அண்ணாச்சி, அந்தச் சந்துப் பக்கத்து ஜன்னல்ட்ட போய் நின்னா எவ்வளவு கூட்டம் இருந்தாலும் தெளிவாக் கேக்கு.”

“அப்ப அங்கனயே நின்னு பேசுங்க சிஸ்டர்.”

அதோடு முடிந்தது. ஏன் அங்கே மட்டும் தெளிவாகக் கேட்கிறது என்று நான் கேட்கவில்லை. பெட்டி இருப்பது கீழே, வாசல் பக்கம். ஜன்னல் இருப்பது மாடியில், பின்பக்கம். பெட்டியை விட்டு விலகிப் போகப் போக எப்படித் தெளிவாகும்? இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் என் காதில் விழுந்தது. படியிறங்கும்போது சிஸ்டர் என் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, “கீழ அண்ணாச்சிக்கு என்மேல எதும் கோவமா? ஒங்ககிட்ட எதும் சொன்னாவளா?” என்று கேட்டார்.

“ஏன் கேக்கீய?”

“நேர்ல பாத்தா அம்மா தாயேன்னு பேசுதாவ. போன்ல மட்டும் லேங்காவ. ஏட்டின்னு சொன்னாக்கூட வயசுல பெரியவரு, போவட்டும்னு விட்டுரலாம். ஆம்பளையக் கூப்புடுத மாதிரி ‘என்னலே, சொல்லுலே’ன்னு ஏசுதாவ. எங்க அப்பாகூட என்னைய லேன்னு கூப்புட்டதில்ல.” கண் கலங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன்? ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மனஸ்தாபம், மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மிஷின் புகார் ஒரு பக்கம், மனுஷர் புகார் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன். இரண்டும் ஒன்று என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

மூன்றாவது தடவை டாக்டரம்மாவே ஆள் அனுப்பினார். நல்ல மனுஷி, ஆனால் கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். “நீங்க காலையில வாறீங்க, காலையில நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறீங்க. காய்ச்சல் சாயங்காலம் அடிக்கிறவனைக் காலையில பாத்தா எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் வாங்க” என்றார்.

சாயங்காலம் போனேன். கவுன்ட்டருக்குள் நுழைந்தால் கம்பவுண்டர் அண்ணாச்சியின் முகம் கறுத்துக் கிடக்கிறது.

“வாரும். ஒரு நியாயம் சொல்லும். நான் ஒரு பொம்பளப் பிள்ளைய லேன்னு கூப்புடுவனா?”

“நீங்களா? ஆரு சொன்னா?”

“அந்தச் சிஸ்டர் போயி டாக்டரம்மாட்ட சொல்லியிருக்கு. அவிய என்னையக் கூப்புட்டு, ‘அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் பேசுங்க’ங்காவ. இத்தன வயசுக்கு மேல எனக்கு இந்தப் பேரா? இன்னைக்கு நேர்ல கேட்டுருதேன், நீரும் வாரும். சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்.”

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறினார். நான் பையும் கையில் மூக்குக் குறடுமாகப் பின்னால் போனேன். நோஸ் பிளையரைத்தான் சொல்கிறேன். வார்டு வாசலில் கூட்டம். உள்ளே போக வழியில்லை. யாரோ ஒரு அம்மாள் இட்லிப் பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். நாங்கள் இருவரும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தோம்.

எதிர்க் கோடியில், சந்துப் பக்கத்து ஜன்னல் ஓரக் கட்டிலில், முந்தைய நாள் பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண். ரத்தப்போக்கு நிற்காமல் முகம் காகிதமாக வெளுத்திருந்தது. வாசல் பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன ஒரு அம்மாள். இருவருக்கும் ரத்தம் ஏத்த வேண்டும். சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்குப் போய் இரண்டு பாட்டில் வாங்கி வந்து மாடியில் கொடுத்துவிட்டார்கள். ஐஸில் வைத்துக் கொண்டு வந்ததில் லேபிளில் ரத்த வகை அழிந்து, பாட்டிலில் நம்பர் மட்டும்தான் தெரிந்தது. எந்த நம்பர் யாருக்கு என்ற சீட்டு கீழே கவுன்ட்டரில், அண்ணாச்சியின் மேஜைமேல்.

பிலோமி சிஸ்டர் ஜன்னல் ஓரத்தில் நின்று ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே ஒரு பாட்டிலின் நம்பரைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணாச்சி, ரெண்டு பாட்டிலும் வந்துட்டு. மொத வந்தத இந்தப் பிள்ளைக்கு ஏத்தலாமா?”

ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

“சரி அண்ணாச்சி. ஏத்திருதேன் அண்ணாச்சி. ஏசாதீங்க.”

எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்கவில்லை. அவர் கையில் எதுவும் இல்லை. கீழே கவுன்ட்டரில் யாரும் இல்லை, நாங்களே கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தோம்.

அண்ணாச்சி இங்கே நிற்கிறார். சிஸ்டர் அங்கே அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருஷத்தில் ஷாக் அடித்து எத்தனையோ தடவை தூக்கி எறியப்பட்டிருக்கிறேன். பெரிய லைனில்கூடக் கையை வைத்திருக்கிறேன். அதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு, “ஆருவே அது? எங்கொரல்ல ஆருவே பேசுதா?” என்று முனகினார். பேய் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். நானே நினைத்தேன்.

சிஸ்டர் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் கையில் ஊசி முன்பே குத்தியிருந்தது. குழாயை இணைக்க வேண்டியது, திருகியைத் திறக்க வேண்டியது, அவ்வளவுதான்.

“சிஸ்டர்! ஏத்தாதீங்க!”

என் குரல் கூட்டத்துக்குள் போய் அமுங்கிவிட்டது. ‘அண்ணாச்சி’ என்று கத்தினால் நாலு பேர் திரும்புவார்கள். ‘சிஸ்டர்’ என்று கத்தினால் ஆயாகூடத் திரும்புகிறாள், அவர் திரும்பவில்லை. காரணம் என்ன, எந்த சானல், எந்தப் பெட்டி என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ரிசீவரில் வந்தது யாருடைய வார்த்தையோ. யாருடைய வார்த்தை என்று தெரியாதவரை அந்த ரத்தம் உள்ளே போகக் கூடாது.

இட்லிப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, இரண்டு ஆட்களைத் தள்ளி, ஒரு கட்டில்மேல் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தேன். குழாயை இணைத்துவிட்டார். விரல் திருகியில் இருந்தது. என் கையில் இருந்த குறடால் குழாயைக் கவ்விப் பிடித்துவிட்டேன். ரப்பர் குழாய் நசுங்கி ஒட்டிக்கொண்டது. ரத்தம் குறடுக்கு மேலேயே நின்றது.

அந்தப் பெண்ணின் மாமியார் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டாள். “ஆருலே நீ? லைட்டு மாட்ட வந்தவன் ரத்தக் குழாயப் புடிக்கான், பாத்துக்கிட்டு நிக்கீங்களே! எம் மருமவ சாவக் கெடக்கா, விடுலே!”

“சிஸ்டர், போன்ல பேசுதது அண்ணாச்சி இல்ல!”

“பின்ன ஆரு?” என்று சிஸ்டர் கோபமாகத் திரும்பினார். அப்போதுதான் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அண்ணாச்சியைப் பார்த்தார். ரிசீவர் தோளிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. அந்தப் பெண்ணின் காலடியில் கிடந்தபடி அது பேசியது. கரகரப்பே இல்லாமல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக.

“என்னலே, சத்தத்தையே காணும். மொத வந்தத ஏத்திட்டியா இல்லியா?”

இட்லி கொட்டின அம்மாள்கூட வாயை மூடிவிட்டாள்.

முழங்கால் வலிக்காரர் அன்று எப்படி இறங்கினார், எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. சீட்டோடு வந்தார், பின்னாலேயே டாக்டரம்மாவும் வந்துவிட்டார். அண்ணாச்சி பாட்டிலின் நம்பரைப் படித்தார், சீட்டைப் படித்தார், மறுபடி பாட்டிலைப் படித்தார். அந்தப் பாட்டிலைக் கழற்றி எடுத்துப் போய் ஆபரேஷன் ஆன அம்மாளின் தலைமாட்டில் வைத்தார். அது அவளுடையது. அந்தப் பெண்ணின் ரத்த வகை வேறு. டாக்டரம்மா அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, “குறடை எடுங்க, போதும்” என்றார், மெதுவாக. எடுக்க முடியவில்லை. என் விரல் பிடித்தபடியே இறுகிப்போயிருந்தது. அவரே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். பிலோமி சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊசியையும் குழாயையும் மாற்றி, சரியான பாட்டிலை ஏத்தி, அந்தப் பெண்ணின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்த பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சந்துக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பார்சல் சர்வீசின் மாடி ஆபீஸ். அதன் ஜன்னலோரத்தில் ஒரு மேஜை. மேஜைமேல் நான் மாட்டிய பெட்டிக்கு அச்சு அசல் தம்பி. அதே நிறம், அதே ஏரியல்.

சந்தைத் தாண்டி ஓடினேன். முதலாளி நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி. அவரையும் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு என்ன கூப்பிடுவார்கள்?

“அண்ணாச்சி, இந்தச் செட்டு எங்க வாங்குனீய?”

“காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாரு. டாக்டரம்மாவுக்குக் குடுத்தாராமே, அதே அட்டப்பெட்டியில வந்ததுதான். ஏன்வே, மூஞ்சி இப்படி வேர்த்துருக்கு?”

“இதுல யாருட்டப் பேசுதீய?”

“லாரி நிக்குத எடத்துல எங்க மேஸ்திரி இருக்கான். சாயங்காலம் பாட்டிலு, மூட்டைன்னு லோடு ஏத்துத நேரம். நம்பரச் சொல்லி ஏத்தலாமாம்பான், ஏத்துலேம்பேன். இதுல என்ன?”

எங்கள் ஊரில் லாரியில் மூட்டையும் ஏத்துவோம், உடம்பில் ரத்தமும் ஏத்துவோம். ஒரே சொல்தான். “பொம்பளக் குரல் கேட்டா ஒங்களுக்கு வித்தியாசம் தெரியாதா அண்ணாச்சி?”

“எங்க மேஸ்திரி கொரலே பொம்பளக் கொரல்தான்வே! கீச்சு கீச்சுன்னு கெடக்கும். நம்ம ஆளுவ அவன மேஸ்திரியம்மான்னுதான் கேலி பண்ணுவானுவ.” பெரிதாகச் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்து, “ஆனா ஒண்ணு கேட்டீரா? போன வாரம் அவன் ஒரு லோடை ஏத்தாம நிப்பாட்டிட்டான். ஏம்லேன்னு கேட்டா, ‘ஏத்தாத, டாக்டரம்மா வரட்டும்னு நீங்கதான சொன்னீய’ங்கான். நம்ம லோடுக்கு எந்த டாக்டரம்மாவே வாறது? தண்ணியப் போட்டுட்டு உளறுதான்னு செவிட்டுல ஒண்ணு குடுத்தேன்” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு பாதியிலேயே நின்றது. நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார், நாற்காலி கிடைக்கவில்லை. “வேய்... அப்ப இத்தன நாளா நான் ஏத்து ஏத்துன்னு சொன்னதெல்லாம்...” என்று ஜன்னல் வழியே அந்த வார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அதேதான் ஓடியது. இதற்கு முன்னால் எத்தனை தடவை? குளுக்கோஸ் பாட்டில்தான், பெரிய தப்பு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துச் சொல்லும்வரை நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது உங்களுக்குக் கணக்கு புரிந்திருக்கும். ஒரே அட்டைப்பெட்டியில் வந்த செட்டுகள், இரண்டுக்கும் ஒரே சானல். சிஸ்டர் பட்டனை அமுக்கினால் இரண்டு பெட்டியும் மணியடிக்கும். இரண்டு அண்ணாச்சிகளும் ஒரே நேரத்தில் எடுத்தால் கரகரவென்று கட்டாகும். அதைத்தான் நீங்களும் நானும் ‘பிரச்சினை’ என்று எழுதுகிறோம். ஒருவர் மட்டும் எடுத்தால் தெளிவாகக் கேட்கும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் எல்லா அண்ணாச்சி குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எந்த ஒருவர் என்று மிஷின் சொல்லாது. காலையில் லாரி ஓடாது, அதனால் காலையில் பழுது இல்லை. சாயங்காலம் வார்டில் கூட்டம் கூடுகிற நேரமும் லாரியில் லோடு ஏறுகிற நேரமும் ஒன்று. நான் கூட்டத்தை மட்டும் பார்த்தேன். கூட்டம் நம் பெட்டியின் சிக்னலைக் குடித்தது, பக்கத்துப் பெட்டிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டது.

கரகரப்பு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். கட்டான நேரமெல்லாம் அந்த வார்டு பத்திரமாக இருந்தது. தெளிவாகக் கேட்ட இடத்தில்தான் அந்தப் பெண்ணின் உயிர் போக இருந்தது.

அந்த செட்டை அன்றே கழற்றி, மாடிக்கும் கவுன்ட்டருக்கும் கம்பி இழுத்து இன்டர்காம் மாட்டினேன். ரத்தம் என்றால் அண்ணாச்சி மறுபடியும் படியேறத் தொடங்கினார், யார் சொல்லியும் கேட்கவில்லை. மற்றதற்கெல்லாம் போன்தான். ஆனால் போனில் பேசுகிறவர் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவு போட்டுவிட்டார். முதல் நாள் நான் கவுன்ட்டரிலேயே நின்றிருந்தேன். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, “நான் ஆறுமுகநயினார் பேசுதேன்” என்றார்.

“அப்படி யாரும் இங்கன இல்லயே” என்று சொல்லி சிஸ்டர் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி ரிசீவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நல்ல பிள்ள” என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பைய மாடியேறினார், தான்தான் ஆறுமுகநயினார் என்று நேரில் சொல்ல.

எல்லோரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஊரில் அந்தத் தப்பு நடந்தது. உங்கள் ஊரில் நடக்காது என்று நினைக்காதீர்கள். நீங்கள் மாட்டுகிற வைஃபை பெட்டிகளைப் பாருங்கள், பாதி ஆபீசில் பெட்டியோடு வந்த பெயரையே விட்டிருப்பார்கள். மேல் மாடிக்காரனுக்கும் அதே பெயர், பக்கத்துக் கடைக்காரனுக்கும் அதே பெயர். உங்கள் லேப்டாப்புக்கு அதெல்லாம் அண்ணாச்சிதான். எந்த அண்ணாச்சி பலமாகக் கூப்பிடுகிறானோ அவனோடு போய்ப் பேசிக்கொண்டிருக்கும், சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், நீங்கள் புகார் முடிந்தது என்று எழுதுவீர்கள்.

அதனால் அந்தப் புகாரை நான் மறுபடி திறந்து வைத்திருக்கிறேன். மகனிடம் சொல்லியாகிவிட்டது. புகார் கொடுத்த அந்த ஆபீசுக்குப் போங்கள். காலையில் போகாதீர்கள், கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில் போங்கள். நன்றாக எடுக்காத இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கிழக்கு மூலைக்குப் போய், அங்கே லேப்டாப் பிடித்துக்கொண்டிருப்பது யாருடைய பெட்டி என்று பாருங்கள்.

பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிட வேண்டாம். அங்கே உட்காருகிறவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். கொஞ்ச நாளாக உங்களுக்கு ஆபீசில் யாரோடாவது மனஸ்தாபமா என்று.